வாசகர் கேள்வி – பதில்: ஆம்புலன்ஸ் பின்தொடரும் தொழில்

ஆபத்தான தொழில்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் தடை தாண்டும் குதிரைப் பந்தயங்களில் சவாரி செய்யும் ஜாக்கிகளை ‘ஆம்புலன்ஸ் பின்தொடர வேலை பார்க்கிறவர்கள்’ என்று ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த வரி உவமையா, உண்மையா என்று கேட்டு எதிர்பாராத அளவுக்குக் கடிதங்கள் வந்துவிட்டன. உண்மைதான். ஓடுதளத்தை ஒட்டிய பாதையில், குதிரைகளுக்கு இணையாக, மருத்துவரும் ஆம்புலன்சும் பந்தயம் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கும். மற்றக் கேள்விகளுக்கான பதில்களை இந்த இதழில் தருகிறேன்.

கேள்வி: குதிரைப் பந்தயம் என்றால் குதிரைப் பந்தயம்தானே? இதில் தடை தாண்டுவது மட்டும்தான் வேறுபாடா?

பதில்: தடை வந்தவுடன் மற்ற எல்லாமே மாறிவிடுகின்றன. சமதளப் பந்தயம் பெரும்பாலும் ஓரிரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும்; இது நான்கு நிமிடத்திலிருந்து ஒன்பது, பத்து நிமிடம் வரை நீளும். அதனால் இதற்கு வரும் குதிரைகள் வயதில் மூத்தவை, எலும்பு கனத்தவை, மூச்சு நீண்டவை. சிறியதும் சற்று வளைந்துகொடுப்பதுமான ‘ஹர்டில்’ ஒரு வகை; குறைந்தது 1.37 மீட்டர் உயரமுள்ள, அடர்ந்த மிலாறுகளைக் கட்டி எழுப்பிய வேலி இன்னொரு வகை. இரண்டாவதற்கு ‘ஸ்டீப்பிள்சேஸ்’ என்று பெயர். 1752-இல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் இரண்டு பேர் பந்தயம் கட்டிக்கொண்டு, பட்டிவன்ட் ஊர்த் தேவாலயத்திலிருந்து டோனரெய்ல் ஊர்த் தேவாலயம் வரை, எதிரே தெரிந்த கோபுரத்தையே குறியாக வைத்துக் குறுக்கே வந்த வேலி, பள்ளம், ஓடை அனைத்தையும் தாண்டிக் குதிரை ஓட்டினார்கள். ‘ஸ்டீப்பிள்’ என்பது அந்தக் கோபுரம்தான்.

இந்த வகையில் உலகம் அறிந்தது லிவர்பூலுக்கு அருகே ஐன்ட்ரீயில் ஏப்ரல் மாதம் நடக்கும் கிராண்ட் நேஷனல்: ஏறத்தாழ 6.9 கிலோமீட்டர், 30 தாண்டல்கள். மார்ச் மாதத்து செல்டன்ஹாம் விழாவைத்தான் தொழிலில் இருப்பவர்கள் உயர்வாக நினைக்கிறார்கள். ஆனால் ஒரு ஜாக்கியின் வாழ்க்கை இந்த இரண்டு மேடைகளிலும் நடப்பதில்லை. நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மழையில் ஊறிய சிறிய மைதானத்தில், சில நூறு பேர் பார்க்க, பெயர் தெரியாத குதிரையின்மீது நடக்கிறது.

கேள்வி: இந்தத் தொழிலுக்கு எப்படி வருகிறார்கள்? அதற்கென்று பள்ளி உண்டா?

பதில்: பள்ளிகள் உண்டு. இங்கிலாந்தில் நியூமார்க்கெட்டிலும் டான்காஸ்டருக்கு அருகிலும், அயர்லாந்தில் கில்டேரிலும் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் தடை தாண்டும் ஜாக்கிகளில் பலரை உருவாக்கியவை கிராமப்புற வயல்வெளிகளில் நடக்கும் ‘பாயின்ட் டு பாயின்ட்’ என்ற அமெச்சூர் பந்தயங்களும், அயர்லாந்தில் சிறுவர்கள் மட்டக்குதிரைகளில் ஓட்டும் பந்தயங்களும்தாம்.

அந்தோணி பீட்டர் மெக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். 1974-இல் வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே ஜிம் போல்ஜர் என்ற கண்டிப்பான பயிற்சியாளரின் லாயத்தில் சேர்ந்தார். சமதளப் பந்தய ஜாக்கி ஆவதே அப்போதைய எண்ணம். அங்கே கால் முறிந்தது. முறிவு கூடிவந்த மாதங்களில் அவர் உயரமும் கூடியது, எடையும் கூடியது. சமதளத்தின் கதவு அத்துடன் சாத்திக்கொண்டது. 1994-இல் இங்கிலாந்துக்குப் போய்த் தடை தாண்டும் பந்தயங்களில் இறங்கிய அவர், முதல் பருவத்திலேயே 74 வெற்றிகளுடன் பயிற்சி ஜாக்கிகளில் முதலிடம் பெற்றார். அதற்கடுத்த 20 பருவங்களிலும், ஒன்றுகூட விடாமல், பிரிட்டனின் சாம்பியன் ஜாக்கி அவர்தான். 2001–02 பருவத்தில் மட்டும் 289 வெற்றிகள். ஒரு பருவத்தில் 269 வெற்றி என்று சமதளப் பந்தய ஜாக்கி கார்டன் ரிச்சர்ட்ஸ் 1947-இல் வைத்திருந்த சாதனையை அவர் தாண்டியது அப்போதுதான்.

புதியவர்களுக்குச் சலுகை ஒன்று உண்டு. பயிற்சி ஜாக்கி ஏறும் குதிரை சுமக்க வேண்டிய எடையில், அவருடைய அனுபவக் குறைவை ஈடுசெய்வதற்காக, 7, 5 அல்லது 3 பவுண்டு குறைத்துக் கொடுப்பார்கள். வெற்றிகள் ஏற ஏறச் சலுகை குறைந்துகொண்டே வந்து, பிரிட்டனில் 75 வெற்றிகளோடு முற்றிலும் நின்றுவிடும். இளைஞர் பலருடைய தொழில் சரிவது இந்த இடத்தில்தான். 74-ஆவது வெற்றி வரை ‘எடை குறைத்துத் தருகிற திறமையான பையன்’ என்று தேடி வந்த பயிற்சியாளர்கள், 75-க்குப் பிறகு அவரை அனுபவசாலிகளோடு ஒரே தட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். தொலைபேசி மணி ஒலிப்பது நின்றுபோகிறது.

கேள்வி: ஜாக்கிகள் பட்டினி கிடப்பார்கள் என்கிறார்களே, மிகைதானே?

பதில்: மிகையில்லை. தடை தாண்டும் பந்தயங்களில் குதிரை சுமக்க வேண்டிய குறைந்தபட்ச எடை சுமார் 10 ஸ்டோன், அதாவது 63.5 கிலோ என்ற அளவில்தான் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. அது சமதளப் பந்தயத்தைவிடத் தாராளம் என்பது உண்மை. ஆனால் இங்கே வருபவர்களும் அதற்கேற்ப நெடிய உடல்காரர்கள். மெக்காயின் உயரம் 178 சென்டிமீட்டர். அந்த உயரத்துக்கு அந்த எடையை ஒரு நாள் அல்ல, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தக்கவைத்திருக்க வேண்டும் என்றால் அது எப்படிப்பட்ட வாழ்க்கையாக இருந்திருக்கும் என்று பாருங்கள். காலையில் தாங்க முடிகிற எல்லைக்குச் சூடான நீர் நிரம்பிய தொட்டியில் நெடுநேரம் அமர்ந்து வியர்வையாக எடையை இறக்குவது அவருடைய அன்றாடம்.

எடை அறையைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். பந்தயத்துக்கு முன்பு ஜாக்கி சேணத்தைக் கையில் ஏந்தியபடி தராசின்மீது அமர்கிறார். தலைக்கவசமும் சாட்டையும் கணக்கில் வராது. உடல், உடை, பூட்ஸ், சேணம் ஆகியவை வரும். எடை குறைவாக இருந்தால் கவலையில்லை, சேணத்தின் அடியில் போடும் துணியின் பைகளில் ஈயத் தகடுகளைச் செருகிச் சரிசெய்துவிடலாம். கூடுதலாக இருந்தால் அதற்கு மருந்தே இல்லை. ‘இந்த ஜாக்கி இத்தனை பவுண்டு கூடுதல்’ என்று ஊரறிய அறிவிப்பார்கள். ஆகவே முதல் நாள் இரவு உண்ட ஒரு துண்டு ரொட்டிக்கும் மறுநாள் விடை சொல்லியாக வேண்டும். அரைக் கிலோவுக்காகக் கனமான சேணத்தை வைத்துவிட்டு, உள்ளங்கை அகல இருக்கையுள்ள இலேசான சேணத்தை எடுத்துக்கொண்டு போவதும் உண்டு. பாதுகாப்பாகப் போகும் காரிலிருந்து இருக்கையைக் கழற்றிவிட்டு ஓட்டுவது போன்ற காரியம் அது.

முன்பெல்லாம் மைதானங்களிலேயே நீராவி அறைகள் இருந்தன. கொரோனா காலத்தில் மூடப்பட்ட அவற்றைத் திரும்பத் திறப்பதில்லை என்று பிரிட்டன் முடிவெடுத்து, பதிலுக்கு எடையில் சிறு தளர்வு கொடுத்தது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் நீராவி அறையை மூடியதனால் தராசு மூடப்பட்டுவிடவில்லை. வியர்வை சிந்தும் இடம் மைதானத்திலிருந்து வீட்டுக் குளியலறைக்கு மாறியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: வேலியைத் தாண்டுவது குதிரைதானே, ஜாக்கி என்ன செய்கிறார்?

பதில்: நியாயமான சந்தேகம். ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள விலங்கு மணிக்கு 45, 50 கிலோமீட்டர் வேகத்தில் நாலுகால் பாய்ச்சலில் வேலியை நெருங்குகிறது. எந்த இடத்திலிருந்து எழும்ப வேண்டும் என்பதை நான்கைந்து பாய்ச்சலுக்கு முன்பே ஜாக்கியின் கண் கணித்துவிட வேண்டும். இடைவெளி சரியாக அமைந்தால் அவர் செய்ய வேண்டியது, எதுவும் செய்யாமல் அசையாதிருப்பது. அரைப் பாய்ச்சல் மிஞ்சினால் இரண்டு வழிகள்: முழங்காலால் நெருக்கித் தொலைவிலிருந்தே எழும்பச் சொல்லலாம், அல்லது கடிவாளத்தை மெல்லப் பிடித்து, இன்னொரு குறும்பாய்ச்சல் போட்டு அருகில் வந்து எழும்பவிடலாம். எதைச் செய்வதென்ற முடிவுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடிக்கும் சற்றே அதிகம்.

இறங்கும்போது வேலை இன்னும் நுட்பமானது. குதிரை தரையைத் தொட்டுத் தடுமாறினால், அது சமாளித்து எழுவதற்குக் கழுத்தை நீட்டியாக வேண்டும். அந்த நேரத்தில் கடிவாளத்தைப் பிடித்து இழுப்பவர் குதிரையையும் கவிழ்த்துத் தாமும் கவிழ்வார். தேர்ந்த ஜாக்கி உடலைப் பின்னுக்குச் சாய்த்து, கடிவாள வாரை விரல்களின் வழியே அதன் கடைசி முனை வரை நழுவவிட்டு, குதிரை நிமிர்ந்ததும் ஒவ்வொரு பிடியாகத் திரும்பச் சேர்த்துக்கொள்வார். பந்தயத்தின் பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இந்த விரல் வேலை தெரியும். சாட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாது.

கேள்வி: எத்தனை முறைக்கு ஒரு முறை விழுவார்கள்? விழுந்தால் என்ன ஆகும்?

பதில்: பதினைந்து, இருபது சவாரிகளுக்கு ஒன்று என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சவாரிகள் செய்யும் ஒருவர் ஆண்டில் எத்தனை முறை தரையைத் தொடுவார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ‘குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்’ என்று நம் பழமொழி கேலி செய்கிறது. இவர்களைப் பொறுத்தவரை தள்ளிய குதிரை பெரிய கவலையில்லை. பின்னால் வருகின்ற மற்றக் குதிரைகள்தாம் கவலை.

ஆகவே விழுவதும் கற்றுக்கொள்ளப்படுகிறது. இயல்பாக எவரும் கையைத்தான் ஊன்றுவார்கள். ஊன்றினால் அதிர்ச்சி தோள்வழி ஏறிக் காறை எலும்பை முறிக்கும். இந்தத் தொழிலில் மிகச் சாதாரணமான எலும்பு முறிவு அது. கையை ஊன்றாமல், தலையை மார்புக்குள் புதைத்து, பந்துபோலச் சுருண்டு உருள வேண்டும். உருண்ட இடத்திலேயே, கடைசிக் குதிரை தாண்டிப்போகும் வரை அசையாமல் கிடக்க வேண்டும். எழுந்து ஓடத் தோன்றும் உந்துதலை அடக்குவதுதான் இந்தப் பாடத்திலேயே கடினமான பகுதி.

2008-இன் தொடக்கத்தில் வாரிக் மைதானத்தில் விழுந்த மெக்காயின் முதுகெலும்பு முறிந்தது. மார்ச்சில் செல்டன்ஹாம். முறிந்த இடத்தை விரைவில் ஆற்றுவதற்காக, மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே குளிரூட்டப்பட்ட அறைக்குள் போய் நின்று சிகிச்சை எடுத்து, அந்த மார்ச்சிலேயே செல்டன்ஹாமில் குதிரை ஏறினார். இதைப் படித்ததும் வீரம் என்று சொல்லத் தோன்றும். எனக்குத் தோன்றியது வேறு: சவாரி செய்யாத நாள் ஒவ்வொன்றும் வேறொருவருக்குப் போகும் சவாரி என்ற அச்சம் இருபது ஆண்டு சாம்பியனைக்கூட விடவில்லை.

எல்லாரும் எழுந்து நடந்துவிடுவதில்லை. 1963 டிசம்பரில் ஐன்ட்ரீயில் டிம் புரூக்ஷாவும், சில மாதங்களிலேயே 1964 கிராண்ட் நேஷனலில் பேடி ஃபாரலும் விழுந்து முடங்கிப்போனார்கள். அவர்களுக்காகத் திரட்டத் தொடங்கிய நிதிதான் இன்று காயமுற்ற ஜாக்கிகளுக்கான நிதியமாக வளர்ந்து, லாம்போர்ன், மால்டன், நியூமார்க்கெட் ஆகிய மூன்று இடங்களில் மறுவாழ்வு மையங்களை நடத்துகிறது. தலையில் அடிபட்டவர் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டு அடுத்த குதிரையில் ஏறிய காலமும் போய்விட்டது. மைதான மருத்துவர் அனுமதிக்காவிட்டால் ஏற முடியாது; நலமாக இருந்தபோது செய்து வைத்த நினைவாற்றல் சோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே திரும்பச் சேர்ப்பார்கள். விழுந்தவர் அதே குதிரையைப் பிடித்து மீண்டும் ஏறிப் பந்தயத்தைத் தொடர்வதும் பிரிட்டனில் 2009-இல் தடைசெய்யப்பட்டது.

கேள்வி: இவ்வளவு ஆபத்துக்கு வருமானமாவது உண்டா?

பதில்: உச்சியில் இருக்கும் சிலருக்கு உண்டு. மற்றவர்களுக்கு ஒரு சவாரிக்குச் சுமார் 200 பவுண்டு கூலி. வென்றால் பரிசுத் தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அதிலிருந்து சவாரி பிடித்துத் தரும் முகவருக்கும், சேணமும் உடையும் துடைத்து எடுத்துவைக்கும் ‘வேலட்’ என்ற உதவியாளருக்கும், எரிபொருளுக்கும் போகும். மாதச் சம்பளம் கிடையாது. தரை உறைந்து பந்தயம் ரத்தானால் கூலியும் ரத்து.

கேள்வி: பெண்கள் இந்தப் போட்டியில் தனிப் பிரிவில் ஓடுகிறார்களா?

பதில்: இல்லை, ஒரே பந்தயம், ஒரே எடை விதி. கிராண்ட் நேஷனலில் முதன்முதலாகச் சவாரி செய்த பெண் சார்லட் புரூ, 1977-இல். அவரால் பந்தயத்தை முடிக்க இயலவில்லை. 1982-இல் ஜெரால்டின் ரீஸ் முடித்துக் காட்டினார். வெல்வதற்கு மேலும் 39 ஆண்டுகள் ஆயின. 2021 ஏப்ரல் 10 அன்று, கொரோனாக் கட்டுப்பாட்டால் பார்வையாளர் எவருமில்லாத ஐன்ட்ரீயில், மினெல்லா டைம்ஸ் என்ற குதிரையில் ரேச்சல் பிளாக்மோர் வென்றார். அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்துப் பால்பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்த அவர், 25 வயதுக்கு மேல்தான் தொழில்முறை ஜாக்கியானார். மற்றவர்கள் அந்த வயதில் பத்தாண்டு அனுபவத்தோடு இருப்பார்கள். மறு ஆண்டு செல்டன்ஹாம் விழாவின் முதன்மைப் பந்தயமான கோல்டு கப்பையும் வென்று, 2025-இல் ஓய்வு பெற்றார். அந்த வெற்றி நாளில் தாம் பெண் என்பதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம் அவர் அதைப் பெரிதுபடுத்த மறுத்ததை, அவருடைய வெற்றிகளுக்கு நிகராக நான் மதிக்கிறேன்.

கேள்வி: குதிரைகள் சாகின்றனவே, இதைப் புகழ்ந்து எழுத உங்களுக்கு மனம் எப்படி வருகிறது?

பதில்: கடிந்து எழுதியிருக்கிறீர்கள், கடிதத்தின் நியாயத்தை மறுக்க முடியவில்லை. 2012 மார்ச்சில் சின்க்ரனைஸ்ட் என்ற குதிரையில் மெக்காய் செல்டன்ஹாம் கோல்டு கப்பை வென்றார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதே குதிரை ஏப்ரலில் கிராண்ட் நேஷனலில் அவரைக் கீழே தள்ளிவிட்டு, சவாரியில்லாமல் தனியே ஓடிக் கால் முறிந்து, கருணைக்கொலை செய்யப்பட்டது. அதன் பிறகு ஐன்ட்ரீ வேலிகளின் உள்ளே இருந்த மரச் சட்டங்களை நீக்கி, வளைந்துகொடுக்கும் பொருளை வைத்தார்கள். 2024-இல் ஓடும் குதிரைகளை 40-இலிருந்து 34 ஆகக் குறைத்தார்கள். குதிரையின் கண்ணுக்கு ஆரஞ்சு நிறம் எடுப்பாகத் தெரிவதில்லை என்று ஆய்வில் கண்டு, வேலிகளின் ஆரஞ்சு அடையாளங்களை வெள்ளையாக்கினார்கள். சாட்டையைப் பிரிட்டனின் தடை தாண்டும் பந்தயத்தில் ஏழு முறைக்கு மேல் பயன்படுத்தினால் ஜாக்கிக்குத் தண்டனை உண்டு. ஒரே பந்தயத்தில் அந்த எல்லைக்கு மேல் நான்கு அடியோ அதிகமோ விழுந்தால் குதிரையே தகுதி இழக்கும். இவையெல்லாம் சாவைக் குறைக்கும், ஒழிக்காது. ஜாக்கி தம் விருப்பத்தின் பேரில் ஏறுகிறார், குதிரையின் விருப்பத்தை எவரும் கேட்பதில்லை என்ற உங்கள் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

கேள்வி: சாம்பியன்களைப் பற்றியே சொல்கிறீர்கள். தோற்றவர்கள்?

பதில்: இருவரைச் சொல்கிறேன். 1956 கிராண்ட் நேஷனலில், இங்கிலாந்து ராஜமாதாவின் குதிரையான டெவன் லாக், எல்லா வேலிகளையும் தாண்டி, எல்லைக்கு ஐம்பது கஜ தூரத்தில் வெகு முன்னணியில் வந்துகொண்டிருந்தபோது, திடீரெனக் கால்களைப் பரப்பி வயிறு தரையில் பட விழுந்தது. ஏன் என்பதற்கு இன்று வரை விளக்கங்கள் பல, முடிவு ஒன்றுமில்லை. மேலே இருந்த ஜாக்கி டிக் பிரான்சிஸ் மறு ஆண்டே சவாரியை விட்டுவிட்டார். பிற்காலத்தில் பந்தய உலகைப் பின்னணியாக வைத்து நாற்பதுக்கும் மேற்பட்ட துப்பறியும் நாவல்கள் எழுதி, ஜாக்கியாக இருந்ததைவிடப் பல மடங்கு புகழ் பெற்றார்.

இன்னொருவர் ரிச்சர்ட் ஜான்சன். 3,800-க்கும் மேற்பட்ட வெற்றிகள். வேறெந்தக் காலத்தில் பிறந்திருந்தாலும் அவரே முதல்வர். மெக்காயின் காலத்தில் இருந்ததனால் 16 பருவங்களில் இரண்டாமிடம். 2015 ஏப்ரலில் சாண்டவுன் மைதானத்தில் தம் கடைசிச் சவாரியில் மூன்றாவதாக வந்து மெக்காய் விடைபெற்ற பிறகு, ஜான்சன் தொடர்ந்து நான்கு பருவங்கள் சாம்பியன் ஆனார். அப்போது அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. கிராண்ட் நேஷனல் மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை: 21 முறை சவாரி செய்தார், இரண்டு முறை இரண்டாவதாக வந்தார். 2021 ஏப்ரல் 3 அன்று நியூட்டன் ஆபட் என்ற சிறிய மைதானத்தில், அவரும் மூன்றாவதாக வந்து குதிரையிலிருந்து இறங்கி, இனி இல்லை என்று அறிவித்தார். ஐன்ட்ரீக்கு அப்போது ஒரு வாரம்தான் இருந்தது. இருபத்திரண்டாவது முறைக்காக அவர் காத்திருக்கவில்லை.